விண்வெளி நிலையத்தின் ஆள்மாற்றத்தைச் சுவரில் எழுதி வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியின் அறிவியல் மூலையில் பெரிய தாள் ஒன்று தொங்குகிறது. அனைத்துலக விண்வெளி நிலையத்தில் இன்று யார் இருக்கிறார்கள், அடுத்து ஏறுவது யார், இறங்குவது யார் என்று சனிக்கிழமைதோறும் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதில் எழுதி வருகிறேன். நான் ஆசிரியன் இல்லை. தோட்ட ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். செக்ரோல் (தோட்ட ஆட்களின் வருகை, சம்பளப் பதிவேடு) எழுதிப் பழகிய கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்துத்தான் இறங்கினேன். முதல் தாளை இரண்டே மாதத்தில் கிழித்துப் போட வேண்டி வந்தது.

அப்புறம் மற்றப் பள்ளிகளிலிருந்து பார்க்க வந்து, தாங்களும் எழுதத் தொடங்கியவர்கள் ஏறக்குறைய நான் தடுக்கி விழுந்த இடத்திலேயே விழுந்தார்கள். எல்லாருமே ஆள் பெயரை முதலில் எழுதினார்கள். தொடங்க வேண்டியது விண்கலத்திலிருந்து. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்தால் பாதித் தவறு வராது.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

மாஜோங் தாள் (பெரிய வெள்ளைத் தாள்) நான்கு, நீள அளவுகோல் ஒன்று, பென்சில், இரண்டு நிற மார்க்கர் பேனா, ஒட்டுத்தாள் ஒரு கட்டு, கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று. அதோடு ஒரு மலிவான சுவர்க் கடிகாரம். எங்களுடையது பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பன்னிரண்டு மலேசிய வெள்ளிக்கு வாங்கியது. அது எதற்கு என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

நோட்டில் பேனா, சுவரில் பென்சில். நடந்து முடிந்தது மட்டும் நோட்டில் ஏறும். நடக்கப்போவது சுவரில் பென்சிலில் இருக்கும். நடந்த பிறகு அதன் மேல் மார்க்கரால் எழுதலாம். ஏவும் தேதி தள்ளிப்போவது இந்தத் துறையில் அன்றாடக் காரியம். காற்று பலமாக அடித்தாலே இரண்டு நாள் போய்விடும். முதல் நாளே மார்க்கரை எடுப்பவர்கள் மாதக் கடைசியில் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துக்கொண்டிருப்பார்கள்.

செய்திக்கு நாசாவின் நிலைய அறிவிப்புகளையும் ரஷ்ய விண்வெளி நிறுவனமான ரோஸ்கோஸ்மோஸின் அறிவிப்புகளையும் பாருங்கள். வாட்சப்பில் சுற்றி வருவதைச் சுவரில் ஏற்ற வேண்டாம்.

2. கடிகாரத்தைத் தீர்த்துவிட்டுத் தாளைத் தொடுங்கள்

நிலையத்தில் ஓடுவது யூடிசி எனப்படும் உலகப் பொது நேரம். நம் மலேசிய நேரம் அதைவிட எட்டு மணி முன்னால் இருக்கிறது. வாங்கிய கடிகாரத்தை எட்டு மணி பின்னுக்குத் திருப்பி, அடியில் ‘நிலைய நேரம்’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். பிள்ளைகள் மனக்கணக்குப் போட்டுத் தவறுவதைவிட, முள்ளைப் பார்த்துப் பழகுவது நல்லது.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், மணி மாறும்போது தேதியும் மாறிவிடுகிறது. 2025 ஏப்ரலில் ரஷ்யக் கலமான சோயுஸ் எம்எஸ்-26 திரும்பியதைப் பாருங்கள். அது நிலையத்தைவிட்டுப் பிரிந்தது யூடிசி கணக்கில் 19ஆம் தேதி 21:57. நமக்கு 20ஆம் தேதி விடியற்காலை 5:57. கஸக்ஸ்தானில் தரை தொட்டது யூடிசி 20ஆம் தேதி 01:20. நமக்கு அதே நாள் காலை 9:20. ஆனால் அமெரிக்கக் கிழக்குக் கரையில் அப்போது 19ஆம் தேதி இரவு 9:20. ஒரே தரையிறக்கத்துக்கு இரண்டு தேதி செய்தியில் வரும். இரண்டுமே சரி.

அந்தக் கலத்தில் வந்த நாசா வீரர் டான் பெட்டிட்டுக்கு ஏப்ரல் 20 எழுபதாவது பிறந்தநாள். பிறந்தநாளன்று இறங்கினாரா, முதல் நாளா என்று எங்கள் ஆண்டு 5 பிள்ளைகளுக்குள் ஒரு சண்டையே வந்தது. இறங்கிய இடத்தில் மணி காலை 6:20, தேதி 20. அதைச் சொன்ன பிறகுதான் அடங்கினார்கள்.

தாளில் முதல் பத்தியில் யூடிசி, இரண்டாவதில் மலேசிய நேரம். மூன்றாவது நேரம் வேண்டவே வேண்டாம். அமெரிக்க நேரத்தில் செய்தி வந்தால் முதலில் யூடிசிக்கு மாற்றி எழுதிவிட்டு, அதன் பிறகு எட்டு மணி கூட்டுங்கள். நேராக நம் நேரத்துக்குத் தாவினால், அங்கே கோடைக்கு ஒரு மணி மாற்றுவது நினைவில் நிற்காது.

3. வரிசைக்கு ஒரு கலம்

இதுதான் முக்கியமான படி. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகக் கலங்களின் பெயரை எழுதுங்கள். ஆள் பெயர் இன்னும் வேண்டாம். ஒவ்வொரு கலத்துக்கு எதிரிலும் இருக்கை எண்ணிக்கைப்படி கட்டம் போடுங்கள்: சோயுஸுக்கு மூன்று, நிலையத்துக்கு ஆள் கொண்டுபோகும் அமெரிக்க ஸ்பேஸ்எக்ஸ் கலமான டிராகனுக்கு நான்கு. மூன்றும் நான்கும் ஏழு. நிலையத்தில் வழக்கமாக ஏழு பேர் இருப்பது இந்தக் கணக்கில்தான்.

காரணம் சுலபம். திடீரென்று ஏதாவது ஆனால் எல்லாரும் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். ஆகவே அங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும் வாசலில் நிற்கும் ஒரு கலத்தில் ஓர் இடம் எப்போதும் உண்டு. கலமும் வருஷக்கணக்காக அங்கே நிற்க முடியாது. அதற்கு இத்தனை நாள் என்று ஆயுள் உண்டு. ஆகவே ஆள்மாற்றத்தைத் தீர்மானிப்பது கலம்.

பெயரை முதலில் எழுதினால் என்ன கெட்டுப்போகும்? நம் நாட்டுக்காரரையே எடுத்துக்கொள்வோம். ஷேக் முஸாபார் சுக்கோர் 2007 அக்டோபர் 10ஆம் தேதி நம் நேரம் இரவு 9:22க்கு சோயுஸ் டிஎம்ஏ-11இல் ஏறினார். உடன் போனவர்கள் பெகி விட்சனும் யூரி மாலென்சென்கோவும். அவர்கள் இருவரும் அங்கேயே தங்க, இவர் 21ஆம் தேதி ஏற்கெனவே அங்கே நின்ற டிஎம்ஏ-10இல் இறங்கினார். ஏறின வண்டி வேறு, இறங்கின வண்டி வேறு. ‘டிஎம்ஏ-11 குழு’ என்று மூன்று பெயரையும் ஒரே கோட்டில் கட்டி வைத்தவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்.

ஆகவே ஆள் பெயரை ஒட்டுத்தாளில் எழுதிக் கட்டத்தில் ஒட்டுங்கள். ஆள் இருக்கை மாறினால் ஒட்டுத்தாள் மாறும், அவ்வளவுதான். சோயுஸில் ஒவ்வொருவருக்கும் அவரவர் உடம்புக்கு அச்செடுத்த இருக்கை மெத்தை உண்டு. கலம் மாறினால் அதையும் கழற்றிக்கொண்டு போய்ப் பொருத்துவார்கள். ஒட்டுத்தாளைப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது ‘இது அவருடைய மெத்தை’ என்று சொல்லிப் பாருங்கள், கண்டபடி ஒட்ட மாட்டார்கள்.

இந்த முறைக்கு ஒரு பரீட்சை வேண்டுமானால் சோயுஸ் எம்எஸ்-22. 2022 செப்டம்பர் 21 அன்று செர்கே புரோகோப்யெவ், டிமித்ரி பெடெலின், ஃபிராங்க் ரூபியோ மூவரும் அதில் ஏறினார்கள். டிசம்பர் நடுவில் அதன் குளிர்விக்கும் திரவம் வெளியே பீறிட்டது. அதில் ஆளை ஏற்றி இறக்க முடியாது என்றானது. ஜனவரியில் ரூபியோவின் மெத்தையை அவசரத்துக்கு டிராகனில் கொண்டுபோய் வைத்தார்கள். பிப்ரவரியில் எம்எஸ்-23 ஆள் இல்லாமல் ஏறியது. மார்ச்சில் எம்எஸ்-22 ஆள் இல்லாமல் இறங்கியது. மூவரும் செப்டம்பர் 27 அன்று எம்எஸ்-23இல் திரும்பினார்கள். எங்கள் தாளில் இது ஓர் ஒட்டுத்தாள் இரண்டு முறை இடம் மாறியது, இரண்டு ஒருமுறை மாறின. வேறு திருத்தம் இல்லை.

சீனாவின் தியான்கோங் நிலையத்தையும் எழுத ஆசைப்பட்டால் தனித்தாள் போடுங்கள். அங்கும் இதே முறை செல்லும். 2025 நவம்பரில் ஷென்சோ-20 குழு, தங்கள் கலத்தின் சன்னலில் கீறல் கண்டதால், ஷென்சோ-21இல் இறங்கியது.

4. மூன்று எண்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

புதிதாக வருபவர்கள் ஒரே வாரத்தில் மூன்று எண்களைக் கேட்டுத் தலை சுற்றி நிற்பார்கள்: க்ரூ-10, எம்எஸ்-26, எக்ஸ்பெடிஷன் 73. முதலாவது டிராகன் பயணத்தின் எண், இரண்டாவது சோயுஸ் பயணத்தின் எண். மூன்றாவது நிலையத்துக் குழுவின் தவணை எண். தோட்டத்துக் கணக்கில் சொன்னால், லாரி எண் வேறு, செக்ரோல் மாதம் வேறு.

தவணை எப்போது மாறும்? போகிற சோயுஸ் நிலையத்தைவிட்டுப் பிரியும் நொடியில். புதியவர்கள் வந்து சேரும்போது மாறாது, பழையவர்கள் தரை தொடும்போதும் மாறாது. எம்எஸ்-26 பிரிந்த 2025 ஏப்ரல் 19, 21:57 யூடிசிதான் எக்ஸ்பெடிஷன் 73இன் தொடக்கம். தாளில் அந்த நொடியில் மேலிருந்து கீழ்வரை ஒரு சிவப்புக் கோடு இழுங்கள்.

தளபதி மாறுவது அதற்கும் வேறு. எக்ஸ்பெடிஷன் 72 என்ற ஒரே தவணையில் இரண்டு தளபதிகள். சுனிதா வில்லியம்ஸ் 2024 செப்டம்பர் 22 முதல் இருந்து, 2025 மார்ச் 7 அன்று அலெக்ஸி ஒவ்சினினிடம் பொறுப்பைக் கொடுத்தார். ஒவ்சினின் ஏப்ரல் 18 அன்று ஜப்பானின் தகுயா ஒனிஷியிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் கிளம்பினார். தளபதிக்கு ஒட்டுத்தாளின் மூலையில் ஒரு சின்ன நட்சத்திரம் போதும். தளபதி மாறிய அன்றே சிவப்புக் கோடு இழுத்துவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. முதல் தாளில் நானும் அதையேதான் செய்திருந்தேன்.

5. ஆள்மாற்ற வாரத்தை எழுதும் வரிசை

ஆள்மாற்றம் ஒரு நாள் காரியம் இல்லை. புதியவர்கள் வந்து, பழையவர்களோடு சில நாள் இருந்து, வேலையைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே பழையவர்கள் கிளம்புவார்கள். ஆகவே வரிசை இது: வருகிற கலம் ஏவப்படும், நிலையத்தோடு இணையும், காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், கதவு திறக்கும். போகிறவர்களுக்குக் கதவு மூடும், கலம் பிரியும், வேகத்தைக் குறைக்க இயந்திரத்தை எரிப்பார்கள், தரையோ கடலோ தொடும்.

இணைவதும் கதவு திறப்பதும் ஒன்றல்ல. 2025 மார்ச் 16 அன்று க்ரூ-10 இணைந்தது நம் நேரம் நண்பகல் 12:04க்கு. கதவு திறந்தது சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்து. ‘வந்துவிட்டார்கள்’ என்று செய்தி வந்ததும் ஆள் எண்ணிக்கையைக் கூட்டிவிடாதீர்கள். நாங்கள் கதவு திறந்த பிறகே கூட்டுகிறோம்.

இப்போது சரிபார்க்கும் வேலை. ஒவ்வொரு வரிக்கும் கடைசிப் பத்தியில் ‘நிலையத்தில் மொத்தம்’ என்று எழுதி வாருங்கள். மார்ச் 16க்கு முன் ஏழு: எம்எஸ்-26இன் மூவர், க்ரூ-9 டிராகனுக்கு உரிய நால்வர். க்ரூ-10இன் நால்வர் வந்ததும் பதினொன்று. மார்ச் 18 அன்று க்ரூ-9 பிரிந்ததும் ஏழு. ஏப்ரல் 8 அன்று எம்எஸ்-27 மூவரைக் கொண்டுவந்ததும் பத்து. எம்எஸ்-26 பிரிந்ததும் மறுபடி ஏழு. ஐந்து வாரத்தில் இத்தனை ஏற்ற இறக்கம். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த ஐந்து வாரத்தையே பயிற்சிக்கு எழுதிப் பாருங்கள். கடைசியில் ஏழு வரவில்லை என்றால் மேலே எங்கேயோ ஒரு ஆளை விட்டிருக்கிறீர்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. க்ரூ-9 கடலில் இறங்கியது மார்ச் 18, 21:57 யூடிசி, நமக்கு 19 விடியற்காலை 5:57. எம்எஸ்-26 பிரிந்ததும் நமக்கு 5:57. நோட்டைப் புரட்டிய ஒரு சிறுமி, “தாத்தா, மேல பார்த்து அப்படியே எழுதிட்டீங்களா?” என்று கேட்டாள். எனக்கே சந்தேகம் வந்து இரண்டு அறிவிப்பையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரண்டும் சரிதான். கேட்ட பிள்ளையைச் சரிபார்ப்பவளாக ஆக்கிவிட்டேன்.

எப்போதும் புதியவர் வந்த பிறகுதான் பழையவர் போவார் என்றும் எண்ண வேண்டாம். 2021 நவம்பரில் க்ரூ-2 கிளம்பிய பிறகுதான் க்ரூ-3 ஏவப்பட்டது. இடையில் சில நாள் நிலையத்தில் மூன்றே பேர். உங்கள் மொத்தம் மூன்று என்று வந்தால் பதறாமல் தேதிகளைப் பாருங்கள்.

6. விருந்தாளிகளுக்குத் தனி நிறம்

பத்துப் பன்னிரண்டு நாளோ இரண்டு மூன்று வாரமோ வந்து போகிறவர்கள் தவணைக் குழுவில் சேர மாட்டார்கள். ஷேக் முஸாபார் அப்படிப் போனவர். 2025 ஜூன் 25 அன்று ஆக்ஸியம்-4இல் ஏறி ஜூலை 15 அன்று இறங்கிய இந்தியாவின் சுபான்ஷு சுக்லாவும் அப்படித்தான். மொத்தக் கணக்கில் இவர்களைக் கூட்டுங்கள், சிவப்புக் கோட்டோடு சம்பந்தப்படுத்தாதீர்கள். தோட்டத்தில் குத்தகை ஆட்களைப் பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) எண்ணுவோம், செக்ரோலில் ஏற்ற மாட்டோம் அல்லவா, அது மாதிரி.

சுக்லாவை அழைத்துப் போன தளபதி அதே பெகி விட்சன். பதினெட்டு வருஷ இடைவெளியில் ஒரே பெயர் இரண்டு தாளில் வந்ததைப் பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள்.

7. எதை மைல்கல்லாக எழுதுவது?

எல்லாவற்றையும் எழுதினால் தாள் நிறைந்துவிடும். ஏவுதல், இணைதல், பிரிதல், தரை தொடுதல், தளபதி மாற்றம் ஆகியவை கட்டாயம். விண்நடையை எழுதுங்கள். சாதனை முறிந்தால் எழுதுங்கள்: 2025 ஜனவரி 30 அன்று சுனிதா வில்லியம்ஸ் மொத்தம் 62 மணி 6 நிமிட விண்நடையோடு பெண்களில் முதலிடம் பிடித்தார். ஆராய்ச்சிச் செய்திகளுக்கு வேறு பலகை வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் விட்டுவிடுவது வாயில் மாற்றம். டிராகன், போயிங்கின் ஸ்டார்லைனர் வகைக் கலங்கள் இணைய ஹார்மனி என்ற பகுதியில் இரண்டே வாயில்கள் இருக்கின்றன. ஆள் கலம், சரக்கு டிராகன், விருந்தாளிக் கலம் எல்லாம் அந்த இரண்டுக்கே போட்டி. 2024 நவம்பர் 3 அன்று க்ரூ-9 டிராகனுக்கு உரிய நால்வரும் அதில் ஏறி உட்கார்ந்து, முன்பக்க வாயிலைவிட்டு மேல்பக்க வாயிலுக்குப் போய் நின்றார்கள். சரக்கு டிராகனுக்கு இடம் விட வேண்டியிருந்தது. இதைப் ‘பிரிதல்’ என்று எழுதினால் மொத்தத்தில் நான்கு குறைந்துவிடும். ‘இடம் மாற்றம்’ என்று எழுதுங்கள்.

நாள் எண்ணும் முறையையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். ரூபியோ 371 நாள் இருந்தார் என்பார்கள். மணிக் கணக்கில் பார்த்தால் 370 நாளும் 21 மணி நேரமும் சொச்சம். ஏறின நாளையும் இறங்கின நாளையும் சேர்த்து விரல்விட்டு எண்ணினால் 372. நாங்கள் இறங்கிய தேதியிலிருந்து ஏறிய தேதியைக் கழிக்கிறோம், 371 வந்துவிடும். எந்த முறை என்று தாளின் அடியில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு புது ஆசிரியரும் வந்து திருத்திவிட்டுப் போவார்.

8. ஒருமுறையாவது திடலுக்குக் கூட்டிப்போங்கள்

எழுதுவது நிஜம் என்று தெரிந்தால்தான் பிள்ளைகள் விடாமல் எழுதுவார்கள். நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்து ஒரு சுற்றுச் சுற்றுகிறது. வெறும் கண்ணுக்கே தெரியும். நாசாவின் ஸ்பாட் த ஸ்டேஷன் செயலியில் ஊரைக் கொடுத்தால் நேரம் சொல்லும்.

நள்ளிரவில் தேடாதீர்கள். நமக்கு இருட்டாகவும் நிலையத்துக்கு வெயிலாகவும் இருக்க வேண்டும். அது அந்தி சாய்ந்த பின்னும் விடியலுக்கு முன்னும்தான். எங்களுக்குக் கிழக்கே மலைத்தொடர் மறைப்பதால் தாழ்வாகப் போகும் வரவை விட்டுவிடுகிறோம். அடிவானத்திலிருந்து 40 பாகைக்கு மேல் ஏறுவதை மட்டும் தேர்ந்தெடுங்கள். மினுக்காமல், சத்தமில்லாமல், ஐந்தாறு நிமிடத்தில் கடந்துவிடும். மினுக்கிச் சிவந்தால் அது விமானம்.

மழைக்காலத்தில் மூன்று தடவைக்கு இரண்டு தடவை மேகம் கவிழ்த்துவிடும். பெற்றோர்களுக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

9. திருத்தும் முறை, தாள் மாற்றும் முறை

நோட்டில் எழுதியதை அழிக்கக் கூடாது. ஒரு கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியும் முன்னெழுத்தும் போட வேண்டும். செக்ரோலில் வெள்ளை மை பூசினவனை எந்தத் துரையும் நம்ப மாட்டார். எங்கள் நோட்டில் 2024 ஜூன் 5 வரியில் ஸ்டார்லைனர், புட்ச் வில்மோர், சுனிதா வில்லியம்ஸ், ‘சுமார் 8 நாள்’ என்று இருக்கிறது. அந்த 8 மேல் ஒரு கோடு. செப்டம்பரில் ‘கலம் மட்டும் இறங்கியது, ஆள் இல்லை’ என்று ஒரு வரி. அதே மாதம் 28 அன்று க்ரூ-9 இரண்டு இருக்கையைக் காலியாக வைத்துக்கொண்டு கிளம்பிய வரி. அந்த எட்டின் பக்கத்தில் 286 என்று எழுதியது அடுத்த வருஷம் மார்ச்சில். திருத்தம் நடந்ததே நடப்பைச் சொல்கிறது. அழித்திருந்தால் அது போயிருக்கும்.

ஒரு தாளில் ஆறு மாதத்துக்கு மேல் அடங்காது. புதுத் தாள் போடும்போது, பழைய தாளில் இன்னும் இறங்காத கலங்களை அப்படியே மேலே கொண்டுவந்து, மொத்தத்தையும் ‘முன் தாள் பாக்கி’ என்று முதல் வரியில் எழுதுங்கள். அந்தக் கட்டத்தில் சுழியம் வரவே வராது. 2000 நவம்பர் 2 முதல் அங்கே ஆள் இல்லாத நாள் ஒன்றுகூட இல்லை. ஒட்டுத்தாள்களைப் பெயர்க்கும்போது ஒவ்வொன்றாகப் பெயரைச் சத்தமாகப் படித்துக்கொண்டே புது இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். எங்களிடம் ஒருமுறை ஒரு ஆள் தரையில் விழுந்து, மேசைக்கு அடியில் இரண்டு வாரம் கிடந்தார்.